குறியும் குறிப்பும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

சேங்கொட்டை என்று ஒரு கொட்டை உண்டு. இன்றைய மாணவர்களுள் பலர் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். கறுத்து, இதய வடிவில் இருக்கும். ஊசியால் குத்தினால் சாறு கசியும். அந்தச் சாற்றைத் தொட்டுத் துணியின் மூலையில் இரண்டு புள்ளியோ ஒரு கோடோ இட்டு, மேலே சுண்ணாம்பு தடவிவிட்டால் கன்னங்கரேலென்று பிடித்துக்கொள்ளும். பிறகு உவர்மண்ணில் ஊறவைத்தாலும், வெள்ளாவியில் வேகவைத்தாலும், கல்லில் அடித்துத் துவைத்தாலும் குறி போகாது. துணி நைந்து கந்தையான பின்னும் குறி மட்டும் புதிதாகவே இருக்கும். சாற்றிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிக் கறுத்து நூலிழையைப் பற்றிக்கொள்கின்றன என்று வேதியியல் மாணவன் என்ற முறையில் விளக்கலாம். தோலில் பட்டால் கொப்புளிக்கும் என்பதை விளக்க வேதியியல் வேண்டியதில்லை. என் தாத்தாவின் வலக்கை விரல்களில் அந்தத் தழும்புகள் இருந்தன.

என் தாத்தா சலவைத் தொழிலாளி. ஊரார் துணியெல்லாம் ஒரே வெள்ளாவியில் வேகும்போது, எது எவர் வீட்டுத் துணி என்று பிரித்தறிய அவருக்கு அந்தக் குறிகளே துணை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பது பின்னர் விளங்கும்.

துணிக்கு இட்ட குறியைப் போன்றே மனிதனுக்கும் குறிகள் இடப்படுகின்றன. கல்லூரியில் சேர வந்த அன்று நாம் அனைவரும் விண்ணப்பப் படிவம் நிரப்பினோம் அல்லவா? பெயர், தந்தை பெயர், தந்தையின் தொழில், சாதி, ஆண்டு வருமானம் என்று வரிசையாகக் கட்டங்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதற்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இவை தீயவை என்று நான் கூற வரவில்லை. அந்தக் கட்டங்களை நேர்மையாக நிரப்பியதால்தான் எனக்கு உதவித்தொகை கிடைக்கிறது. இல்லையேல் இந்தக் கட்டுரையே இராது. ஆயினும் படிவத்தை நீட்டிவிட்டு வெளியே வந்தபோது ஓர் ஐயம் எழுந்தது. அத்தனை கட்டங்களுக்கும் வெளியே நான் என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அதைப் பார்ப்பவர் யார்?

ஆன்றோர் இதற்கு விடை கூறியிருக்கிறார்கள். இறைவன் பார்க்கிறான் என்றார்கள். எளிதாகச் சொல்லிவிடக்கூடிய விடை இது. ஆனால் நம் தொண்டை நாட்டில் இதைக் கதையாகவும் கல்லாகவும் விட்டுச் சென்றிருக்கிறார்கள். அவற்றைச் சற்று நெருங்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வசிப்பது அணுபுரத்தை ஒட்டி. அணுபுரம் என்பது அணுசக்தித் துறை ஊழியர்களுக்கான குடியிருப்பு என்பதை நண்பர்கள் அறிவார்கள். அங்கிருந்து விடுமுறை நாளில் மாமல்லபுரத்துக்குச் செல்வது எளிது. பெரும்பாலோர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு, பாறைச் சிற்பத்தில் தவம் செய்யும் பூனையைக் கண்டு சிரித்துவிட்டுத் திரும்புவார்கள். (அந்தப் பூனையும் ஒரு பட்டம் பூண்ட பூனைதான். காலடியில் எலிகள் நம்பி நிற்கின்றன.) தருமராச ரதத்தின் மேல்தளங்களைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் எழுத்துகள் தெரியும். பல்லவ மன்னர்களின் பட்டப் பெயர்கள் அவை. ஸ்ரீபரன், அத்யந்தகாமன் என்று இன்னும் பல. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலுக்குச் சென்றால் இது பன்மடங்காகும். சுற்றுச் சிற்றாலயங்களில் இராசசிம்ம பல்லவனின் பட்டங்கள் இருநூறுக்கும் மேலாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு மனிதனுக்கு இருநூறு பெயர்! அதுவும் ஒரே வகை எழுத்தில் பொறித்து மன்னன் மனம் நிறையவில்லை. வெவ்வேறு எழுத்து வகைகளில் பொறித்திருக்கிறான்.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நொண்டி வீரப்பன் தொட்டி என்னும் பாறை இருக்கிறது. அங்கும் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பட்டங்கள் அல்ல, சிற்பத் தொழிலாளரின் பெயர்கள். கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று ஒரு சிறு வரிசை. கோயிலில் இடம் கிடைக்காத பெயர்களை எவரோ ஊருக்கு வெளியே ஒரு பாறையில் வெட்டி வைத்தனர். தாமே வெட்டிக்கொண்டனரா, உடன் உழைத்தவர் வெட்டினரா என்பதைக் கல் சொல்லவில்லை. உலகம் பார்க்காவிடினும் எவரேனும் பார்க்கட்டும் என்ற ஏக்கம் அந்த எழுத்துகளில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இருநூறு பட்டம் பூண்ட மன்னனுக்கு எதிரே நிறுத்தத்தக்க ஒருவரை நமக்குக் காட்டுகிறார் சேக்கிழார். அவர் திருநின்றவூர்ப் பூசலார். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் இந்த வரலாற்றைக் கேட்டபோது, அறிவியல் மாணவர்களாகிய நாங்கள் பின்வரிசையில் அரை உறக்கத்தில் இருந்தோம். பேராசிரியர் கூறிய ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. நூலகத்தில் பெரியபுராண உரையை எடுத்துப் படித்தது அதற்குப் பின்னர்தான்.

பூசலார் மறையவர் குலத்தவர். எனவே பிறப்பால் அவருக்குத் தாழ்வு சொல்லுவார் இல்லை. அவருக்கு இருந்த குறி வறுமை. சிவனுக்கு ஒரு கோயில் கட்ட விரும்பினார். பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. வருந்தினார். பின், கோயிலை மனத்திலேயே கட்டுவது என்று துணிந்தார். இதுவரை நாம் பள்ளியிலேயே கேட்ட கதை. பேராசிரியர் சுட்டிய செய்தி இனித்தான் வருகிறது. மனத்தில் கட்டும் கோயிலை ஒரு நொடியில் கட்டி முடிக்கலாம் அன்றோ? சிமெண்டு வேண்டாம், கூலி வேண்டாம். பூசலார் அப்படிச் செய்யவில்லை. மனத்துக்குள்ளேயே பொருளைச் சிறிது சிறிதாகத் தேடிச் சேர்த்தார். தச்சர்களைத் தேடினார். நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார். இரவிலும் உறங்காமல் பணி செய்தார். ஒவ்வோர் உறுப்பாக எழுப்பிச் சிகரம் வரை கொண்டுசென்று, சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் எடுத்து, குளமும் தோண்டினார். அதற்கு நாள் பல சென்றன. எவரும் பார்க்காத கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட அவர் ஏமாற்றி வைக்கவில்லை. செய்முறைத் தேர்வில் விடையை முன்கூட்டியே அறிந்துகொண்டு அதற்கேற்ற அளவீடுகளைக் குறிப்பேட்டில் எழுதிவிடும் நம்மைப் போன்றோர்க்கு இது விளங்கச் சற்று நேரமாகும். (ஆய்வக உதவியாளர் இதைப் படிக்க மாட்டார் என நம்புகிறேன்.)

பூசலார் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. முந்தின இரவு இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளை நாம் நின்றவூர்ப் பூசல் எடுத்த கோயிலுக்குள் புகுகிறோம், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்று அறிவித்தான். மன்னன் பரிவாரங்களோடு நின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று வினவினான். ஊராருக்குத் தெரியவில்லை. அப்படியொரு கோயில் இங்கே இல்லை என்றனர். தெரியாதது அவர்கள் குற்றமன்று. அவர்கள் கண்டதெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்த ஓர் ஏழையை. மன்னன் நேரே வந்து வணங்கிக் கேட்டபோது பூசலாரும் மருண்டார் என்கிறார் சேக்கிழார். தம்மை ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிகிறது.

இந்த வரலாற்றில் வரும் மன்னனைச் சேக்கிழார் காடவர் கோமான் என்று மட்டுமே குறிப்பிடுகிறார். அவனைக் கைலாசநாதர் கோயில் கட்டிய இராசசிம்மன் என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்கின்றனர். கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டில் ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. துஷ்யந்தன் முதலிய பழைய மன்னர்கள் கேட்ட வானொலியை இக்கலியுகத்தில் ஸ்ரீபரனும் கேட்டான் என்று அது புகழ்கிறது. அந்தக் குரல் பூசலாரைப் பற்றியதே என்று இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அவ்வாறே கொண்டால், மன்னன் தான் குரல் கேட்ட பெருமையைக் கல்லில் வெட்டினான். குரல் யாரைப் பற்றிப் பேசியது என்பதை வெட்டவில்லை. நானூறு ஆண்டுகளுக்குப் பின் 12ஆம் நூற்றாண்டில், குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் அந்தப் பெயரை விரிவாகப் பாடினார். இருநூறு பட்டங்களில் ஒன்றையும் அவர் எடுத்தாளவில்லை. இன்று சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் திருநின்றவூர் வருகிறது. அங்கே இருதயாலீஸ்வரர் கோயில் கல்லாலேயே நிற்கிறது. இதய நோயுற்றோர் அங்கு வந்து வேண்டுகிறார்கள்.

பூசலார் வரலாறு என்னைக் கவர்ந்தது உண்மை. எனினும் அது என் வீட்டுக் கதவு வரை வந்து நின்றுவிட்டது. வறுமை இன்று உண்டு, நாளை மாறலாம். பிறப்போடு ஒட்டிய தொழில் குறியோ சேங்கொட்டைச் சாறு. அதற்கு இறைவன் என்ன செய்தான்? எல்லோரும் நந்தனாரைச் சொல்வார்கள். ஆதனூரில் பிறந்து, தில்லை எல்லையில் நின்று ஏங்கிய அடியவர். ஆனால் அவர் தீயில் மூழ்கி, வேறு உருவம் பெற்று எழுந்த பிறகே உள்ளே சென்றதாகக் கதை. குறியை எரித்தாலன்றிக் கோயில் இல்லை என்பது போல இருக்கிறது. அவரை அறுபத்துமூவருள் ஒருவராக நிறுத்தி வணங்கிய கோயில்களுக்குள் அவர் இனத்தவர் நுழைய எத்தனை காலம் ஆயிற்று? மதுரை மீனாட்சி கோயிலில் 1939 சூலை 8 அன்று ஆலயப் பிரவேசம் நடந்தது. மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947இல் வந்தது. இறைவன் பார்த்தான் என்று பாடிய ஊர், தான் பார்க்க மறுத்தது. இதைச் சொல்லாமல் நந்தனாரை மட்டும் புகழ்வது எனக்கு உடன்பாடில்லை.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைக் கூற வேண்டும். முதலாண்டில் சேர்ந்த புதிதில் வகுப்புத் தோழன் ஒருவன், உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டான். அணுபுரத்தில் இருக்கிறார் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவனும் மேலே கேட்கவில்லை. அணுசக்தித் துறையில் பணி போலும் என்று எண்ணிக்கொண்டான். எண்ணிக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். என் தந்தை குடியிருப்பை ஒட்டிய வேப்பமர நிழலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை. தோழனின் சித்தப்பா அந்தக் குடியிருப்பில் வசிக்கிறார் என்பது அவனோடு பேருந்தில் இருந்து இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். வா, வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்று கையைப் பிடித்து இழுத்தான். வழி வேப்பமரத்தின் ஓரமாகத்தான். அப்பா சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், தோழனைப் பார்த்தார், மீண்டும் என் முகத்தைப் பார்த்தார். அடுத்த கணம் தலையைக் குனிந்து, இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து கரியை ஊதத் தொடங்கினார். கரி நன்றாகத்தான் கனன்றுகொண்டிருந்தது. நான் நின்றிருக்கலாம். இவர் என் அப்பா என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். கடந்து சென்றேன்.

அன்றிரவு வீட்டில் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சோற்றில் கை வைத்த பிறகு, “அந்தப் புள்ள சாப்டுச்சா?” என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டான் என்றேன். அந்தத் தோழன் இந்த ஆண்டு மலரைப் படிப்பான் என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

அதன் பிறகுதான் பெரியபுராணத்தில் நான் தேடியது கிடைத்தது. திருக்குறிப்புத் தொண்ட நாயனார் வரலாறு. பாடத்தில் அது இல்லை. ஊர் காஞ்சிபுரம். குலம் ஏகாலியர் குலம். அதாவது சலவைத் தொழில். அடியவர்களின் மனக் குறிப்பை அறிந்து தொண்டு செய்பவர் என்பதால் அந்தப் பெயர். குறி என்பது வெளியே இடப்படுவது. குறிப்பு உள்ளே இருப்பது. துணியின் குறியைக் கொண்டு வீட்டை அறிவது தொழில். துணியைக் கொண்டுவந்த மனிதரின் குறிப்பை அறிந்தவர் இவர்.

என் தந்தையிடமும் இந்தப் பழக்கம் உண்டு. அவருக்குச் சேங்கொட்டை தேவைப்படவில்லை. கழுத்துப்பட்டையைப் பார்த்தே வீட்டைச் சொல்வார். எந்த வீட்டில் பிள்ளை பள்ளியில் சேர்ந்தது, எந்த வீட்டுப் பெரியவர் உடல் இளைத்துவிட்டார், எவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார் என்பதெல்லாம் அவருக்குத் துணி சொல்லும். அவர் பெயரை அறிந்த வீடுகள் அங்கே எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரலுக்குள் அடங்கிற்று.

வரலாறு இதுதான். குளிர் காலம். அழுக்கேறிய கந்தை ஒன்றை மட்டும் உடுத்து, மெலிந்த உடலோடு ஓர் அடியார் வந்தார். வந்தவர் இறைவன் என்பது நமக்குத் தெரியும், நாயனாருக்குத் தெரியாது. கந்தையை வெளுத்துத் தருகிறேன் என்று நாயனார் கேட்டார். இதைவிட்டால் குளிருக்கு எனக்கு வேறில்லை, பொழுது சாயுமுன் தருவதாயின் கொண்டு போம் என்றார் அடியார். தருவேன் என்று வாக்களித்து வாங்கிச் சென்றார் நாயனார். துவைத்து உலர்த்த முனைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஓயவில்லை. பொழுது இறங்கிக்கொண்டே வந்தது. குளிரில் ஒருவர் மேலுடுக்க ஏதுமின்றிக் காத்திருக்கிறார். சொன்ன சொல் தவறப்போகிறது. நாயனார், தாம் துணி துவைக்கும் பாறையிலேயே தம் தலையை மோதினார். அப்போது அந்தப் பாறையிலிருந்து ஒரு கை எழுந்து அவரைப் பற்றித் தடுத்தது.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். கை வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். வானத்திலிருந்து வந்திருக்கலாம். ஏகாம்பரநாதர் கோயில் அதே ஊரில்தான் இருக்கிறது; அங்கு வா என்று குரல் கொடுத்திருக்கலாம். நீ குளித்து வா, தீயில் மூழ்கி வா, உன் தொழிலை விட்டு வா என்று இறைவன் கூறவில்லை. துவைகல்லுக்குள்ளிருந்து கை வந்தது. எந்தக் கல்லைக் கொண்டு உலகம் அவரை இன்னார் என்று அடையாளம் சொல்லிற்றோ, அந்தக் கல்லுக்குள் இறைவன் முன்பே இருந்திருக்கிறான். உன் நிலையை மூன்று உலகுக்கும் அறிவித்தோம் என்று அவன் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். அறிவிப்பதற்கு முன் அதை அறிந்திருந்தவன் அவன் ஒருவனே.

மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாள் கோயிலின் தல வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கது. கடல் நீரை இறைத்துவிட்டுப் பாற்கடலுக்குச் சென்று தாமரை மலரைச் சாத்துவேன் என்று புண்டரீக முனிவர் கையால் நீரை இறைத்துக்கொண்டிருந்தார். இறைவன் ஒரு கிழவராக வந்து, பசிக்கிறது என்று அவரை உணவு கொண்டுவர அனுப்பிவிட்டு, தாமே இறைக்கத் தொடங்கினார். முனிவர் திரும்பியபோது பெருமாள் வெறுந்தரையில் பள்ளிகொண்டிருந்தார். ஆதிசேடன் இல்லை. தம் குறிகளையும் வைத்துவிட்டு வருபவர் போலும்!

திருக்குறிப்புத் தொண்டரோடு தொடர்புடையதாகக் கூறப்படும் முத்தீஸ்வரர் கோயில் இன்றும் காஞ்சியில் இருக்கிறது. சுந்தரர் அந்தணர் குலத்தில் பிறந்தவர், அரசரால் வளர்க்கப்பட்டவர். அவரே இந்தச் சலவைத் தொழிலாளரின் அடியவர்க்கும் தாம் அடியவர் என்று பாடினார். சிவன் கோயில் பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையைக் கண்டிருப்பீர்கள். மன்னர், வேடர், குயவர், பரதவர், ஏகாலியர் எல்லாரும் ஒரே உயரத்தில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எவர் எவரென்று அறிய அடியில் எழுதிய பெயரைத்தான் படிக்க வேண்டும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, இந்த வரலாற்றை வண்டியருகே நின்று அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பெட்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார். கந்தை, குளிர், மழை வரை “ம்” கொட்டினார். பாறையில் தலையை மோதிய இடத்தில் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். கை வந்து பிடித்ததையும், இறைவன் காட்சி தந்ததையும் படித்து முடித்தேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு,

“அது சரி, அந்தத் துணி காஞ்சுதா?” என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. திரும்பப் புரட்டினேன். நீர் மழை நின்று பூமழை பொழிந்தது என்று இருக்கிறது. கந்தையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. அதை அப்படியே சொன்னேன்.

“பூ மழைன்னா ஈரம் இருக்காது. காஞ்சிருக்கும்” என்று கூறிவிட்டு அப்பா அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.